வேலையை விடாமல் வீடு கட்ட: லீவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர், ஆவடி டேங்க் ஃபேக்டரி ஃபிட்டர், பூந்தமல்லி பக்கத்துக் குடோன் சூப்பர்வைசர், 2024 நவம்பரில் திறந்த பட்டாபிராம் டைடல் பார்க்கில் சேர்ந்த இளைஞர் என்று யாரைக் கேட்டாலும் மேற்கே ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பார், இல்லையென்றால் வாங்கும் யோசனையில் இருப்பார். ரயில் பாதையை ஒட்டித் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர். பூந்தமல்லி சாலை என்றால் திருமழிசை தாண்டி வெள்ளவேடு, நேமம். நகரத்துக்குள் ஒரு ஃபிளாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே மனையும் வீடும் முடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரிதான். சிக்கல் வேறிடத்தில் வருகிறது. கட்டுகிறவருக்குத் தினமும் எட்டு மணி நேர வேலை, போக வர இரண்டு மணி நேரம், சொந்தமென்று ஞாயிறு ஒன்றுதான். மேஸ்திரிக்கும் அன்றைக்குத்தான் லீவு.

ஆகவே பட்ஜெட் போடும் முன் லீவைக் கணக்கிடுங்கள். பணம் குறைந்தால் ஒரு அறையைச் சுருக்கலாம், டைல்ஸில் இறங்கி வரலாம். ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் நீங்கள் சைட்டில் இல்லாததை எந்தப் பணமும் பின்னால் சரிசெய்யாது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொடங்கி, வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்பதுதான் தொழிலாளிக்கு அடிப்படைக் கணக்கு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அதே விகிதம். முன்பு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், இப்போது 180 நாள் போதும். 300 நாள் வேலை பார்த்தவருக்கு 15 நாள் சேரும். சி.எல். இருந்தால் அது தனி. எடுக்காத நாட்களை 30 வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். இதில்தான் வழி இருக்கிறது: கட்டப்போகும் வருடத்துக்கு முந்தைய வருடமே லீவைச் சேர்த்து வையுங்கள். ஆயிரம் சதுர அடி வீடு முடிய எட்டு முதல் பத்து மாதம் ஆகும். அதில் நீங்கள் கண்டிப்பாக நிற்க வேண்டிய நாட்கள் ஏழெட்டுதான். பத்திரம், வங்கி, மின்வாரியம் என்று நான்கைந்து நாள் போகும். மிச்சத்தைப் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் விட்டுவையுங்கள். எல்லா லீவையும் வீட்டுக்கே எழுதிவிட்டால் ஐந்தாம் மாதத்தில் சம்பளம் பிடிப்பார்கள். அந்த மாதம்தான் கம்பிக்காரருக்கும் சென்ட்ரிங்காரருக்கும் பணம் தர வேண்டிவரும்.

காலண்டரும் முக்கியம். நம் பக்கம் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும். தை பிறந்ததும் வானம் தோண்டினால் சித்திரை, வைகாசிக்குள் ரூஃப் ஏறிவிடும், புரட்டாசிக்குள் வெளிப்பூச்சு முடிந்துவிடும். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் தொடங்குகிறவர்கள் கடைக்கால் குழியில் நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் கம்பெனியில் மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி என்றால் ரூஃபை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள், பிப்ரவரியிலேயே மேலதிகாரியிடம் தேதியைச் சொல்லிவையுங்கள். முன்கூட்டிச் சொல்லிக் கேட்ட ஒரு நாள் லீவை மறுக்கிற சூப்பர்வைசர் குறைவு. காலையில் போன் போட்டு "இன்றைக்கு வரவில்லை" என்பதைத்தான் யாரும் மறப்பதில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஆவடித் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் நிறுவனங்களாக மாறிவிட்டாலும், அப்போதிருந்த ஊழியர்கள் அரசு ஊழியர்களாகவே அங்கு அயற்பணியில் வைக்கப்பட்டார்கள். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 18-ஆம் விதிப்படி, அசையாச் சொத்து வாங்கும் முன் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவர் உங்கள் அலுவல் தொடர்பில் இருப்பவர் என்றால் முன் அனுமதியே வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கும் இதுபோன்ற விதி உண்டு. மனைவி பெயரில் வாங்கினாலும் பணம் உங்களுடையது என்றால் விவரம் கொடுத்துவிடுங்கள். பதவி உயர்வு நேரத்தில் பழைய கோப்பைத் திறந்து கேள்வி கேட்பார்கள்.

மனையின் பூர்வீகம்

கிராம நிலத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் படிக்க வேண்டியது நிலத்தின் கதையை. பத்திரமும் பட்டாவும் இருக்கின்றன என்று விற்பவர் சொல்வார். இரண்டும் இருந்தும் சிக்கலில் மாட்டியவர்கள் இந்தப் பக்கம் நிறைய.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், குறைந்தது 30 வருடத்துக்கு. தாய்ப்பத்திரம் வரை தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டா, அ பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுங்கள். அ பதிவேட்டில் நிலம் எந்த வகை என்று எழுதியிருக்கும்: நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு. ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், வண்டிப்பாதை என்று எங்காவது தென்பட்டால் அதோடு நிறுத்துங்கள். 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி ஏரி நிலத்தில் கட்டியதை அகற்றலாம், வீட்டு வரி கட்டிய ரசீதைக் காட்டித் தப்பிக்க முடியாது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். அளவையில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் குறைவு என்றால் விற்பவர் பெயரில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு வந்தபின் அலைச்சல் உங்களுடையது, அலைவதற்கு லீவும் உங்களுடையதுதான்.

திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிரியும் வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தச் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் தலித் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892-இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது அப்படிப் பிறந்தது. பிற சமூகத்தவர் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் அது. இடையில் நான்கு கை மாறியிருந்தாலும் நிபந்தனை மாறாது. பழைய பதிவேட்டைப் பார்த்துக் கேளுங்கள், பஞ்சமி என்று தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். யாருக்காக ஒதுக்கிய நிலமோ அவர்களுடையது அது. கோயில் நிலத்துக்கும் இதே எச்சரிக்கை. அறநிலையத்துறைச் சொத்தா என்று சர்வே எண் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகள் அடுத்த ஆபத்து. சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு மட்டும் அந்த வழி. உங்கள் மனை அந்த வகை என்றால் வரன்முறை ஆணையை மனை எண்ணோடு கையில் வைத்திருங்கள். "லே-அவுட்டுக்கு வாங்கிவிட்டோம் சார்" என்று புரோக்கர் சொன்னால், அதில் உங்கள் மனை எண் எங்கே என்று கேளுங்கள். நஞ்சையிலிருந்து பிரித்த லே-அவுட் என்றால் நிலப் பயன்பாடு மாற்றிய ஆணையும் இருக்க வேண்டும்.

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர், மோரை, பாண்டேஸ்வரம் பக்கம் மனை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவை செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பு வட்டாரம். சி.எம்.டி.ஏ. அங்கே கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சர்வே எண்ணைக் கொடுத்து நிலப் பயன்பாட்டு விவரம் எழுத்தில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பாதுகாப்புத்துறைச் சுற்றுச்சுவரை ஒட்டிய மனைகளுக்குத் தடையில்லாச் சான்று தேவைப்படலாம். மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள். 11 கிலோவோல்ட் கம்பிக்கும் சுவருக்கும் கிடைமட்டமாக 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும்.

பதிவுச் செலவு வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம்: முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இந்தப் பக்கத்து மனைகள் பல அந்த வரம்புக்குள் வரும். வீட்டுக்கடன் இரண்டு சம்பளத்தில் வாங்குவதாக இருந்தால் கூட்டுப் பெயரில் பதிவதா, மனைவி பெயரில் மட்டுமா என்று வங்கியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் எங்கே நிற்கும்

பத்திரம் சரியாக இருக்கிற மனையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கலாம். மேற்குப் புறநகர் முழுக்க ஏரிகளும் அவற்றின் கலங்கல்களும் போட்ட வலை. கூவம் ஆற்றில் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு கால்வாய் வழியாக நீர் செம்பரம்பாக்கம் போகிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடியும் கொண்ட அந்த ஏரி நிரம்பினால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் காட்டியது. 2021 மழையில் திருநின்றவூர் ஈசா ஏரியை ஒட்டிய நகர்களில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே இயந்திரங்கள் மூழ்கின. வேலை பார்த்த இடத்திலும் தண்ணீர், வீட்டிலும் தண்ணீர் என்று தவித்தவர்கள் அந்த வாரத்தை இன்னும் சொல்கிறார்கள்.

மனையைக் கோடையில் காட்டுவார்கள். நீங்கள் கார்த்திகையில் போய்ப் பாருங்கள், பெருமழை நின்ற மறுநாள் காலையில். முடியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாடு மேய்க்கிற பெரியவரிடம் "ஏரி தண்ணி எப்படிய்யா போகும்?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அவர் காட்டும் திசையில் உங்கள் மனை இருந்தால் வேறு மனை பாருங்கள். பழைய ஆயக்கட்டு நிலத்தில் மண் களியாக இருக்கும். மழையில் உப்பி, கோடையில் பிளந்து, கடைக்காலைத் தூக்கி இறக்கும். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஆழத்தையே நாமும் போட்டால் போதாது. பொறியாளரை வைத்து மண்ணைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் பைல் போடுங்கள். செலவு உறுத்தும். ஆனாலும் வீட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதில் இன்றைய சாலையை நம்பாதீர்கள். லே-அவுட்டில் இன்று மண் பாதைதான் இருக்கும். அது கிராவல் சாலையாகி, தார்ச்சாலையாகி, அதன்மேல் இன்னொரு தார் விழும். பக்கத்துப் பெரிய சாலையின் மட்டத்திலிருந்து குறைந்தது மூன்றடி வையுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். கிராம மனையில் இது சடங்குக்காகச் செய்கிற வேலை இல்லை. ஐந்து வருடம் கழித்து உங்கள் போரில் தண்ணீர் இருக்க வேண்டுமே.

அனுமதி, கடன், வரி

அனுமதி விஷயத்தில் நடுத்தர வீட்டுக்காரருக்கு 2024 ஜூலை 22-க்குப் பின் வழி எளிதாகியிருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி, உயரம் 7 மீட்டருக்குள் என்றால் சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அனுமதி எடுக்கலாம். ஆய்வுக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். லீவு மிச்சம். ஆனால் பொய் விவரம் கொடுத்தால் பொறுப்பு முழுவதும் கையெழுத்திட்ட உங்களுடையது. ஓரத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டிவிட்டுச் சுயசான்றைக் காட்டித் தப்பிக்கலாம் என்று சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள்.

கடன். 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700. கட்டும் மாதங்களில் கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டுவீர்கள். 10 லட்சம் வந்திருந்தால் மாதம் 7,083. அதோடு இப்போது இருக்கும் வீட்டு வாடகையும் ஓடும். இரண்டையும் சேர்த்து, ஓ.டி. இல்லாத வெறும் சம்பளத்தில் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஆட்டோ உதிரிபாகக் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி.தான். ஓ.டி.யைச் சேர்த்துச் சம்பளச் சான்று வாங்கிக் கூடுதல் கடன் எடுப்பது ஏஜென்டுகள் சொல்லும் யோசனை. கடன் அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு.

வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் தரும். பேஸ்மட்டம் முடிந்தபின் ஒரு பகுதி, ரூஃப் முடிந்தபின் ஒரு பகுதி. ஒவ்வொரு முறையும் வங்கிப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது. ஆகவே ஒரு கட்டத்துக்கான பணம் கையிலிருக்க அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பணம் வரவில்லை என்று இரண்டு வாரம் வேலை நின்றால் மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர்களை மீண்டும் பிடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். கடைசித் தவணை கைக்கு வரும்வரை கம்பெனி மாறாதீர்கள். புது வேலையின் தகுதிகாண் காலத்தில் வங்கி தயங்கினால், கதவு வைக்காத வீட்டோடு நிற்க வேண்டிவரும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வீடு கட்ட முன்பணம் உண்டு: 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இரண்டில் குறைவானது. வங்கியை விட வட்டி குறைவா என்று முதலில் அதைப் பாருங்கள். மற்றவர்களுக்கு பி.எஃப். வீட்டுக்கான முன்பணத்துக்கு நெடுங்காலம் 5 வருட உறுப்பினர் காலம் கேட்டார்கள், 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு அதை 12 மாதமாக்க முடிவெடுத்தது. பி.எஃப்.பை மனை வாங்கக் கரைக்காதீர்கள் என்பது என் கருத்து. மனைக்குச் சேமித்த பணம், கட்டடத்துக்கு வங்கிக் கடன், கடைசியில் கதவு, பெயின்ட், கம்பவுண்டு என்று கை வறளும்போது பி.எஃப்.

வரிச் சலுகையை நம்பிக் கடன் தொகையை ஏற்றாதீர்கள். சொந்தக் குடியிருப்புக்கு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு, கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 5 வருடத்துக்குள் வீடு முடிந்திருக்க வேண்டும். புதிய முறையில் இருப்பவர்களுக்கு அது இல்லை.

லேபரா, மெட்டீரியலோடா

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டில் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் கொடுங்கள். அப்பாவோ மாமனாரோ ரிட்டயர் ஆகி, தினமும் சைட்டுக்குப் போய் வரக்கூடியவராக இருந்தால் மட்டும் லேபர் கான்ட்ராக்ட். லேபரில் பணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் சிமென்ட் தீர்ந்துவிட்டது, ஜல்லி லோடு வரவில்லை, தண்ணீர் மோட்டார் போய்விட்டது என்று போன் நேராக உங்கள் மெஷினுக்கு வரும். இரண்டு முறைக்கும் பொதுவாக ஒன்று: கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு சிவில் பொறியாளரை முக்கிய நாட்களுக்கு மட்டும் கூலி பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் சதுர அடி விலை மட்டும் எழுதினால் போதாது. சிமென்ட், கம்பி, ஒயர், பைப் எந்த பிராண்ட், செங்கல் சூளைக் கல்லா ஃபிளை ஆஷா, எம்-சாண்டா, செப்டிக் டேங்கும் சம்ப்பும் சேர்த்தியா, கம்பவுண்டு யார் கணக்கு என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பணம் வேலை முடிந்த கட்டத்துக்குத்தான். முன்னால் கொடுக்காதீர்கள், வாரக் கூலியைத் தாமதிக்கவும் செய்யாதீர்கள். சனிக்கிழமை மாலை சித்தாளுக்குப் போக வேண்டிய பணம் அது.

ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 400 மூட்டை சிமென்ட், 4 டன் கம்பி என்பது ஒரு மதிப்பீடு. கம்பி வந்திறங்கும்போது எடைச்சீட்டை மட்டும் பார்க்காமல் எண்ணுங்கள். 12 மீட்டர் நீளக் கம்பி 8 மில்லி என்றால் 4.74 கிலோ, 10 மில்லி 7.4, 12 மில்லி 10.66, 16 மில்லி சுமார் 19 கிலோ. எண்ணிக்கையைப் பெருக்கிச் சீட்டோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும். லாரியில் வரும் மணலை டேப் வைத்து அளந்து நூறு கனஅடி ஒரு யூனிட் என்று கணக்கிடுங்கள்.

நீங்கள் நிற்க வேண்டிய நாட்கள்

மார்க்கிங். இதற்கு முன் அரசு சர்வேயரைக் கொண்டு எல்லை அளந்து கல் நட்டிருக்க வேண்டும், இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி அளங்கள். பிறகு மேஸ்திரி கயிறு கட்டுவார். மூலை மட்டத்தை நம்பாமல் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலை சரி.

கடைக்கால் கம்பி கட்டி, கான்கிரீட் போடும் முன். கம்பி மண்ணைத் தொடக்கூடாது. அடியில் கவர் பிளாக் வைத்து 50 மில்லி இடைவெளி இருக்க வேண்டும். காலத்துக்கு 40, பீமுக்கு 25, ரூஃபுக்கு 20. கவர் பிளாக் இல்லாமல் ஜல்லித் துண்டை வைத்துச் சமாளித்தால் பத்து வருடத்தில் துரு வெளியே தெரியும்.

பேஸ்மட்டம் பெல்ட். கரையான் மருந்து அடிப்பது இந்தக் கட்டத்தில்தான். புதிதாய்ப் பிரித்த வயலில் கரையான் நிச்சயம்.

ரூஃபுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் மாலை, கம்பியும் எலக்ட்ரிக்கல் பைப்பும் முடிந்ததும் பொறியாளரோடு சென்ட்ரிங் மேல் ஏறுங்கள். பலகை இடுக்குகள் அடைத்திருக்கிறதா, முட்டுகள் நேராக, கெட்டித் தரையில் நிற்கின்றனவா, ஃபேன் பாக்ஸ் அறையின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். அந்தப் படங்கள்தான் பின்னாளில் சுவரில் ஆணி அடிக்கும்போதும் ஒயர் மாற்றும்போதும் வழி சொல்லும். மறுநாள் காலை ஆறரைக்கு மிக்ஸர் ஓடத் தொடங்கும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் மிக்ஸர் பக்கம். வெயில் ஏறஏற, கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று யாராவது டியூபைத் திருப்பி விடுவார்கள். அந்த ஒரு வாளித் தண்ணீர் ரூஃபின் பலத்தைத் தின்றுவிடும். ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்று பொறியாளர் சொன்ன அளவுக்கு ஒரு வாளியில் கோடு போட்டுக் கொடுங்கள், டியூபை அப்புறப்படுத்துங்கள். கொட்டிய கலவையை அரை மணி நேரத்துக்குள் வைப்ரேட்டர் போட்டு அமுக்கிவிட வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகப் போய்விடாமல் பாதிப்பாதியாக அனுப்புங்கள், பாதியில் நின்ற இடத்தில்தான் பின்னால் ஒழுகும். வேலை முடிந்ததும் அத்தனை பேருக்கும் பிரியாணி என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வெயிலில் தலையில் பாண்டு சுமந்தவர்களுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பிறகு நனைப்பு. கலப்புச் சிமென்டுக்கு இந்தியத் தர விதி குறைந்தது 10 நாள் கேட்கிறது, 14 நாள் நல்லது. ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று அவசரப்படுத்துவார். நாலரை மீட்டர் வரை அகல அறைக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், மேலே 21 நாள். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட்டால் வாக்குவாதம் இல்லை.

கடைசியாக, பாத்ரூம் பள்ளத்தில் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் பார்ப்பது. கசிவு இல்லை என்று தெரிந்தபின்தான் டைல்ஸ்.

ஷிஃப்டும் தூக்கமும்

மற்ற நாட்களை போன் பார்த்துக்கொள்ளும். மேஸ்திரியோடு பேசுவது காலை எட்டரைக்குள் ஒரு முறை, மாலை ஐந்தரைக்கு ஒரு முறை. அவர் தினமும் அதே நான்கு இடத்தில் நின்று போட்டோ அனுப்பட்டும். நடுவில் அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷிஃப்ட் மாற்றிக் கேட்க வாய்ப்பிருந்தால் ரூஃப் முடியும்வரை இரண்டாம் ஷிஃப்ட் கேளுங்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சைட்டில் நின்றுவிட்டு வேலைக்குப் போகலாம்.

மூன்றாம் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம். பகல் முழுக்க சைட்டில் நின்று இரவில் பவர் பிரஸ்ஸில் கை வைப்பது தற்கொலைக்குச் சமம். வீடு கட்டும் வருடத்தில் ஓ.டி. பார்த்துக் கடனைக் குறைக்கலாம் என்று நினைக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தூக்கத்தை விற்காதீர்கள். இந்தத் தொழிற்பேட்டைகளில் விரல் இழந்தவர்களைத் தெரியாத குடும்பம் குறைவு. இரவு பதினொரு மணி ஷிஃப்ட் முடிந்து சி.டி.எச். ரோட்டில் தூங்கிக்கொண்டே பைக் ஓட்டி சைட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதும் அதே ஆபத்துதான். சைட் நாளைக் காலையும் அங்கேயே இருக்கும்.

குடிபோகும் முன் இன்னொரு சோதனை, மனை வாங்கும் முன்பே செய்தால் இன்னும் நல்லது. உங்கள் ஷிஃப்ட் நேரத்தில் அங்கிருந்து வேலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து மனைவரை இருட்டில் நடக்க முடியுமா, கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க முடியுமா, மகளின் டியூஷனுக்கு ஷேர் ஆட்டோ உண்டா என்று அந்த ஒரு பயணத்தில் தெரிந்துவிடும். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில் பைக்கில் வேகமாகப் போகலாம். ஆனால் மழைக்காலத்திலும் லாரி நெரிசலிலும் அதே வேகம் கிடைக்குமா என்று பார்த்துக் கணக்கிடுங்கள்.

பால் காய்ச்சிய கையோடு முடிக்க வேண்டிய தாள் வேலைகள் சில உண்டு. கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுங்கள், இல்லையென்றால் கூடுதல் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஊராட்சியில் வீட்டு வரிக்குப் பெயர் பதியுங்கள். பத்திரம் முடிந்தும் பட்டா உங்கள் பெயருக்கு வரவில்லை என்றால் உட்பிரிவுக்கு மனு கொடுங்கள். அரசு ஊழியர்கள் கட்டி முடித்த விவரத்தை அலுவலகத்துக்குக் கொடுங்கள், ரசீதுகளோடு. தனியார் கம்பெனியில் இருப்பவர்கள் பி.எஃப்., காப்பீடு, ஆதார் மூன்றிலும் முகவரியை மாற்றிவிட்டு, புதிய முகவரியின் நகலைப் பணியாளர் பிரிவில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.